முயலுக்கு மூன்று கால் என்று இரண்டு பேர் சொன்னால்

கேள்வி: எனக்கு வயது 44. போன மாதம் அண்ணன் வீட்டில் மோனோபொலி விளையாட உட்கார்ந்தோம். பெட்டியைத் தேடும்போது, “அதான், ஒத்தைக் கண்ணாடித் தாத்தா படம் போட்டிருக்குமே” என்றேன். அண்ணன் மகன், “அத்தை, அவர் கண்ணாடியே போட மாட்டாரே” என்றான். அண்ணனும் நானும் சேர்ந்து அவனை அதட்டினோம். பெட்டி கிடைத்தது. தாத்தா கண்ணில் கண்ணாடி இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எப்படித் தப்பாகும்? அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு பாட்டை இருபது வருடமாகத் தப்பான வரியோடு பாடி வந்திருக்கிறேன் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. படம் முடிந்து எல்லாரும் கைதட்டும்போது எனக்கு மட்டும் கதை புரிவதில்லை, புரிந்த மாதிரி தலையாட்டிவிடுகிறேன். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. நான் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வி கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. தாத்தாவும் பாட்டும் சினிமாவும் அதைக் கேட்பதற்கான தைரியத்தைச் சேர்த்துக்கொள்ள நீங்கள் எடுத்த நேரம். அதனால் கடைசிக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதிய மூன்றை மட்டும் வைத்து மறதி நோய் என்று சொல்ல முடியாது. என்னைப் போன்ற உளவியலாளர்கள் காது கொடுத்துக் கேட்கும் அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும். காலையில் பேசியது மதியத்துக்குள் அடியோடு மறந்துபோய், அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. நன்றாகப் பழகிய வழியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பது. வருடக்கணக்காகக் கைவசம் இருந்த கணக்கு வழக்கு திடீரென்று பிடிபடாமல் போவது. இவை மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வருவது. பல நேரம் நமக்கு முன்னால் கூட இருப்பவர்களே கவனித்துவிடுவார்கள். இப்படி ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எதுவும் இல்லை, ஆனால் அம்மாவை நினைத்தால் மனசு அடங்கவில்லை என்றாலும் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வயதான பிறகு அம்மாவுக்கு வந்தது என்பதற்காக உங்களுக்கும் வந்தே தீரும் என்று கணக்கில்லை. ஒன்று மட்டும்: போனால் அந்தத் தாத்தாவின் கண்ணாடியைக் காரணமாகச் சொல்லாதீர்கள். “ஏன், போட்டிருப்பாரே” என்று டாக்டரே சொல்லிவிடக்கூடும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தீபஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த 40 கார்ட்டூன் உருவங்களையும் நிறுவனச் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூன்று விதமாக வைத்தார்கள். ஒன்று அசல். மற்ற இரண்டில் சின்னதாக ஏதோ ஒன்றை மாற்றியிருந்தார்கள். எது அசல் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான படங்களில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. ஏழு படங்களில் மட்டும் விசித்திரம் நடந்தது. தப்பாகச் சொன்னவர்கள் ஆளுக்கொரு தப்பு சொல்லவில்லை, கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே தப்பைச் சொன்னார்கள். அதுவும் இழுத்து இழுத்துச் சொல்லவில்லை, அடித்துச் சொன்னார்கள். அந்த ஏழில் ஒன்று உங்கள் மோனோபொலித் தாத்தா. தப்பும் நீங்கள் செய்த அதே தப்பு.

“நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்” என்று ஒருவன் அடம்பிடித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத கூட்டம் ஒன்று அதே முயலுக்கு அதே மூன்று காலைச் சொல்கிறது என்றால் காரணம் முயலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தாவைக் கொஞ்சம் பாருங்கள். உயரமான கறுப்புத் தொப்பி, நரைத்த மீசை, கோட்டு, கழுத்தில் போ-டை, கையில் தடி. பழைய காலத்து வெள்ளைக்காரப் பணக்காரன் என்று சொல்ல வேண்டிய எல்லாம் இருக்கிறது. அந்த வேடத்தைக் கதைப் படங்களில் பார்த்துப் பழகிய மூளை, மீதி இருக்கும் ஒரே ஒரு சாமானையும் தானாகவே எடுத்து மாட்டிவிடுகிறது. போதாததற்கு, வேர்க்கடலை விற்கும் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் சின்னமாக ஒரு மனிதக் கடலை உண்டு. அதற்கும் அதே தொப்பி, அதே தடி. அதற்குக் கண்ணாடி நிஜமாகவே இருக்கிறது. இரண்டு பேரும் நம் தலைக்குள் ஒரே அலமாரியில் கிடக்கிறார்கள், இவர் சாமான் அவரிடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு படங்களுக்கும் இந்த ஒரே விளக்கம் பொருந்தவில்லை என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

இந்த மாதிரிக் கூட்டுத் தப்புக்கு ‘மண்டேலா விளைவு’ என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. நெல்சன் மண்டேலா 1980-களிலேயே சிறையில் இறந்துவிட்டதாக நிறையப் பேர் உறுதியாக நம்பியிருந்தார்கள். அவரோ 1990-இல் விடுதலையாகி, 1994-இல் அதிபராகி, 2013-இல்தான் காலமானார். நாம் ஏதோ இணை உலகத்திலிருந்து வழுக்கி இங்கே விழுந்துவிட்டோம், அங்கே தாத்தாவுக்குக் கண்ணாடி உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. தொப்பியும் மீசையுமே போதும்.

சரி, அண்ணனுக்கும் எப்படி அதே தப்பு? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நினைவு என்பது எடுத்து வைத்த போட்டோ இல்லை. கேட்கும்போதெல்லாம் புதிதாகச் சொல்லப்படும் கதை அது. சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கும் வார்த்தையும் அதில் ஒட்டிக்கொள்ளும். 2002-இல் வெளியான ஒரு ஆய்வில் எலிசபெத் லாஃப்டஸும் உடன் ஆய்வாளர்களும், டிஸ்னிலாந்துக்கு ஒரு போலி விளம்பரம் தயாரித்தார்கள். அங்கே பக்ஸ் பன்னி முயலைச் சந்தித்துக் கைகுலுக்கலாம் என்று அதில் இருந்தது. அதைப் படித்தவர்களில் சிலருக்குப் பிற்பாடு, சின்ன வயதில் தாங்கள் அங்கே போனபோது அந்த முயலுக்குக் கைகொடுத்தது ‘ஞாபகம் வந்தது’. நடந்திருக்கவே வழியில்லை. பக்ஸ் பன்னி போட்டி நிறுவனமான வார்னர் பிரதர்ஸின் சொத்து, டிஸ்னி வாசலில் அதற்கு என்ன வேலை?

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதோதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். சின்ன வயதில் என்றோ ஒருநாள் உங்களில் ஒருவர் அவருக்கு ‘ஒத்தைக் கண்ணாடித் தாத்தா’ என்று பெயர் வைத்திருப்பீர்கள். பெயர் வைத்தாயிற்று. அதற்கப்புறம் படத்தை யார் பார்த்தார்கள்? நூறு தடவை பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள், காசையும் பகடையையும் எடுப்பதற்காக. முகத்தைப் பார்ப்பதற்காக ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டீர்கள். அண்ணன் மகனுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆகவே அவனுக்குப் படம் தெரிந்தது.

புகழ்பெற்ற வசனங்களிலும் இதே கதை. 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் கறுப்பு முகமூடி வில்லன், தான்தான் நாயகனின் அப்பா என்று சொல்லும் இடத்தை உலகமே மேற்கோள் காட்டுகிறது. மேற்கோள் காட்டுபவர்கள் ‘லூக்’ என்று மகன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். படத்தில் அந்த வரியில் பெயர் கிடையாது. காட்சியில் மகன் எதிரேயே தொங்கிக்கொண்டிருக்கிறான், கூப்பிடத் தேவையில்லை. காட்சியை விட்டு வரியை மட்டும் பெயர்த்து எடுத்து வரும்போது, யாரிடம் பேசுகிறார் என்று தெரிய வேண்டுமே, அதற்காக மக்களே பெயரைச் சேர்த்துவிட்டார்கள். ஒருவகையில் நல்ல எடிட்டிங்தான்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். இதில் உங்களுக்குத் துணையாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே இருக்கிறது. 1963-இல் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு ‘லூயி லூயி’ என்ற பாட்டைப் பதிவு செய்தது. பாடகர் ஜாக் ஈலியின் தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் மைக் தொங்கியது. அண்ணாந்து பார்த்துக் கத்திப் பாட வேண்டியிருந்தது. ட்ரம்ஸும் கித்தாரும் குரலை விழுங்கின. பதிவான பாட்டில் ஒரு வார்த்தையும் உருப்படியாகக் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் ஆளுக்கொரு வரியை நிரப்பிக்கொண்டார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் நிரப்பியது என்ன வகை வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் பிரதிகள் பள்ளிகளில் சுற்றின. பெற்றோர் பதறிப்போய் அரசுக்கு எழுதினார்கள். எஃப்.பி.ஐ. கோப்பைத் திறந்தது. ஆய்வுக்கூடத்தில் இசைத்தட்டை வேகமாக ஓட்டினார்கள், மெதுவாக ஓட்டினார்கள். விசாரணை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. எந்த வேகத்தில் ஓட்டினாலும் வார்த்தைகள் விளங்கவில்லை என்பதுதான் கடைசியில் கிடைத்தது. அசல் வரிகளோ ரிச்சர்ட் பெர்ரி 1950-களில் எழுதியவை. ஊரில் காத்திருக்கும் காதலியை நினைத்து ஒரு மாலுமி புலம்புகிறான், அவ்வளவுதான். ஆபாசம் துளியும் இல்லை.

இருபது வருடம் நீங்கள் பாடியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காதுக்கு வருவது வார்த்தைகள் இல்லை, இடைவெளி இல்லாத ஒரே ஓசை ஓட்டம். எங்கே வெட்டுவது என்று மூளைதான் முடிவு செய்கிறது. பள்ளி இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருப்பீர்கள்: ‘அந்தமான்’ என்று சேர்த்தால் தீவு, பிரித்தால் அந்த மான். ‘பலகை’ என்றால் மரத்துண்டு, பிரித்தால் பல கை. தாளில் இடம் விட்டு எழுதிக் காட்டிவிடலாம். பாட்டில் யார் இடம் விடுவார்கள்? மெட்டு தனக்கு வேண்டிய இடத்தில் வெட்டும், பாடகர் மூச்சுக்காக வேறு இடத்தில் வெட்டுவார், வாத்தியம் மிச்சத்தை மூடிவிடும். ஒருமுறை ஒரு மாதிரி கேட்டுவிட்டால் அப்புறம் அப்படியேதான் கேட்கும். இப்போது சரியான வரி தெரிந்த பிறகு அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பழைய வரி காதில் விழவே விழாது, எப்படித்தான் அப்படிக் கேட்டது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இந்த மாதிரித் தப்புக் கேட்டலுக்கு ஆங்கிலத்தில் ‘மாண்டகிரீன்’ என்று பெயர். 1954-இல் சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் வைத்தது. பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டு ஒன்றில், கொல்லப்பட்ட பிரபுவைப் புல்தரையில் கிடத்தினார்கள் (‘லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்’) என்று வரும் வரியை, ‘மாண்டகிரீன் சீமாட்டி’யும் (‘லேடி மாண்டகிரீன்’) கூடவே செத்தாள் என்று சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறார். இல்லாத அந்தச் சீமாட்டி மேல் அவருக்கு ஒரே பிரியம். உங்கள் தப்பு வரியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அசலைவிட நன்றாக இருந்தாலும் இருக்கும்.

கண்ணும் இப்படித்தான். 2015 பிப்ரவரியில் ஒரு உடையின் போட்டோ உலகத்தை இரண்டாகப் பிரித்தது ஞாபகம் இருக்கிறதா? நீலம்-கறுப்பு என்று பாதி, வெள்ளை-தங்கம் என்று பாதி. நான் வெள்ளை-தங்கக் கட்சி. எதிர் மேசைக்காரர் நீலம் என்றார். ஒரே திரையை, ஒரே நேரத்தில், தோளோடு தோள் நின்று பார்த்துவிட்டு, இவர் கிண்டல் செய்கிறாரா என்று நான் அவரை முறைத்ததும் அவர் என்னை முறைத்ததும் நன்றாக நினைவிருக்கிறது. (மேலே எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்த நினைவையும் முழுசாக நம்ப வேண்டாம்.) கடையில் விற்ற உடை நீலம்-கறுப்பு. படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாக இல்லாததுதான் வினை. உடை நிழலில் இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டால் நீலத்தைக் கழித்து வெள்ளையைக் காட்டுகிறது, மஞ்சள் விளக்கு என்று எடுத்துக்கொண்டால் நேர்மாறு. 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு பாஸ்கல் வாலிஷ் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. விடியலில் எழுந்து பகல் வெளிச்சத்தில் பழகியவர்கள் வெள்ளை-தங்கம் பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்தார்கள். நான் ஐந்து மணிக்கு எழுகிற ஆள். எதிர் மேசைக்காரர் எப்போது எழுவார் என்று அலுவலகத்துக்கே தெரியும்.

இப்போது, உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த ஒரே இடம். நோய் பயம் இல்லை, அந்தத் தலையாட்டல்.

சினிமா புரியாமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வசனத்தைப் பின்னணி இசை மூடியிருக்கும். அதற்குச் சப்டைட்டில் போடுங்கள், தமிழ்ப் படமாக இருந்தாலும் போடுங்கள். நடுவில் போனைப் பார்த்திருப்பீர்கள். அந்த அரை நிமிடத்தில்தான் கொலையாளி கையுறையைக் கழற்றியிருப்பான். இல்லை, படத்திலேயே விடை இருக்காது. ரேமண்ட் சாண்ட்லரின் துப்பறியும் நாவல் ஒன்றைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள், 1946-இல் வெளிவந்தது. அதில் வரும் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று படப்பிடிப்பில் யாருக்கும் பிடிபடவில்லை. எழுதியவரிடமே கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. ‘சோப்ரானோஸ்’ என்ற அமெரிக்க டி.வி. தொடரின் கடைசிப் பகுதி 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பானபோது, குடும்பம் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சியின் நடுவில், பாட்டு பாதியில் நிற்க, திரை கறுத்துவிட்டது. கேபிள் போய்விட்டது என்று நினைத்து ஏராளமானோர் டி.வி.யோடு மல்லுக்கட்டினார்கள். அதுதான் முடிவே. தொடரின் நாயகன் செத்தானா பிழைத்தானா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குழப்பங்களில் எதுவும் பார்ப்பவர் தலையில் பிறந்ததில்லை.

ஆனால் தலையாட்டினால் அது உங்களுக்குத் தெரியவே வராது. 2017 பிப்ரவரி 26, ஆஸ்கர் மேடை. சிறந்த படத்தை அறிவிக்க நடிகர் வாரன் பீட்டியும் நடிகை ஃபே டனவேயும் வருகிறார்கள். பீட்டி உறையைப் பிரிக்கிறார். சீட்டைப் பார்க்கிறார். மறுபடி உறைக்குள் இன்னொரு சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். நிமிர்கிறார், பேசப்போகிற மாதிரி வாயெடுத்து நிறுத்துகிறார். அரங்கம் சிரிக்கிறது, வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நினைத்து. அவர் கையில் இருந்தது சிறந்த நடிகைக்கான உறையின் இன்னொரு பிரதி. அத்தனை பெரிய கூட்டத்தில் ஏதோ தப்பு என்று உணர்ந்த ஒரே ஆள் அந்த நேரத்தில் அவர்தான். ஆனாலும் ‘எனக்கு இது புரியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சீட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். அவர் அதில் கண்ணில்பட்ட படத்தின் பெயரைப் படித்தார். ‘லா லா லேண்ட்’ குழு மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பரிசு ‘மூன்லைட்’ படத்துக்கு என்று தெரிந்தது.

நான் இங்கே பீட்டியைக் குறை சொல்லவில்லை, கோடிக்கணக்கான கண்களுக்கு முன்னால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது நாலு சொந்தக்காரர்கள். நீங்கள் தலையாட்டும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவர் உங்களைப் பார்த்துத் தலையாட்டுகிறார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய், எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று தனித்தனியாகப் படுத்துக்கொள்கிறீர்கள். அம்மாவின் ஞாபகம் வருவதும் அப்போதுதான். அடுத்த முறை ‘படம் புரியவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கேளுங்கள். அந்தச் சாவி அவளிடம் எப்படி வந்தது? கடைசியில் கதவைத் தட்டியது யார்? இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லி, தங்களுக்குள் சண்டை போடத் தொடங்குவார்கள். நீங்கள் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

அப்புறம், அண்ணன் மகன் ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறான் என்றால் அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, எதையும் பார்க்காமல் போக்கிமான் கார்ட்டூனில் வரும் மஞ்சள் பிகாச்சுவை வரையச் சொல்லுங்கள். காது நுனி இரண்டும் கறுப்பு, அதைச் சரியாகப் போடுவான். வால் நுனியில் கறுப்பு கிடையாது, மஞ்சளேதான். அந்த ஏழு படங்களில் அதுவும் ஒன்று. வாலுக்கு வந்ததும் அவன் கறுப்புப் பென்சிலைத் தேடினால், ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுங்கள்.